வெற்றிலைப் பெட்டியில் பஸ் டிக்கெட்

மதிப்புக்குரிய அம்மாவுக்கு வணக்கம்.

என் பிரச்சினையைக் கேட்டால் சிரிப்பீர்கள். நான் வீட்டுக்குத் தெரியாமல் பஸ்ஸில் சுற்றுகிறேன்.

எனக்கு வயது 49. சேலம் குகைப் பகுதியில் இருக்கிறோம். வீட்டுக்காரர் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம், வீட்டின் முன் அறைதான். அவரும் கூட இரண்டு பேரும் வேலை செய்கிறார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நானும் கொலுசுக்குச் சலங்கை வைத்துக் கொடுக்கிறேன். ஒரே மகள். இன்ஜினியரிங் முடித்து பெங்களூரில் வேலையில் இருக்கிறாள்.

என் மாமியார் போன வருஷம் சித்திரையில் இறந்துபோனார். அதற்கு முன் ஒன்பது வருஷம் பக்கவாதத்தில் படுக்கை. நான்தான் பார்த்துக்கொண்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். அலாரம் வைத்துப் பழகி, அப்புறம் அலாரமே தேவைப்படவில்லை. இப்போதும் இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து அத்தை கட்டில் இருந்த இடம் வரை நடந்துவிட்டுத் திரும்பிய நாட்களும் உண்டு.

அத்தை நல்லவரா கெட்டவரா என்று ஒரு வார்த்தையில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. என் தங்கை கல்யாணத்துக்கு ஒரு ராத்திரி தங்கிவிட்டு வர விடவில்லை. “பொம்பளைக்கு என்ன ஊர் சுத்தல்” என்பார். அதே அத்தைதான் என் மகளுக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட, படுத்த படுக்கையில் இருந்துகொண்டு காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். பேச்சு குழறிய பிறகு கையால்தான் சைகை காட்டினார், கழற்று, எடு, போ என்று.

பஸ் கதைக்கு வருகிறேன். கார்த்திகை மாதத்தில் ஒருநாள், கடைவீதியில் விளக்குத் திரி வாங்கிக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். (பெயர்தான் பழைய பஸ் ஸ்டாண்டு, இப்போது இரண்டு அடுக்கில் புதுசாகக் கட்டியிருக்கிறார்கள்.) குகைக்குப் போகும் பஸ் வருவதற்கு முன்னால் கன்னங்குறிச்சி பஸ் வந்து நின்றது. காலியாக இருந்தது. ஜன்னல் சீட்டு. எதற்கு ஏறினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கண்டக்டர் கட்டணமில்லா டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார், எங்கே, எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. கன்னங்குறிச்சியில் இறங்கி மூக்கனேரிக் கரைவரை நடந்து அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் நடுவில் திட்டுத் திட்டாக மரம், அதில் பறவைகள், பின்னால் சேர்வராயன் மலை. இருபத்தெட்டு வருஷமாக இந்த மலையை மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது பார்க்கிறேன். ஏற்காட்டுக்கு ஒரே ஒருமுறைதான் போயிருக்கிறேன், கல்யாணமான புதிதில். இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் வாந்திதான் எடுத்தேன், ஊரைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து வாரம் ஒருநாள், சில வாரம் இரண்டு நாள். அம்மாப்பேட்டை, அஸ்தம்பட்டி, ஐந்து ரோடு, ஜங்ஷன். எந்த வேலையும் கிடையாது. போய்விட்டு அதே பஸ்ஸில் திரும்பி வருவேன். ஒருநாள் தெருவோரக் கடையில் நின்று தட்டுவடை செட் வாங்கித் தனியாகச் சாப்பிட்டேன். தட்டுவடை நடுவில் பீட்ரூட், வெங்காயம், காரச் சட்னி. இந்த ஊரில் பிறந்து வளர்ந்து, தெருவில் நின்று தனியாக ஒரு செட் சாப்பிட்டது அதுதான் முதல்முறை. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று சுவர் பக்கம் திரும்பி நின்றேன். 2021-லேயே எல்லாருக்கும் வந்த பஸ் சலுகை, எனக்கு வந்தது போன வருஷம்தான்.

டிக்கெட்டுகளைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. அத்தையின் வெற்றிலைப் பெட்டி காலியாகக் கிடந்தது, அதில் போட்டு வைத்தேன். போன மாதம் ஒரு டிக்கெட் பர்ஸிலேயே தங்கி, அவர் கண்ணில் பட்டுவிட்டது. “கன்னங்குறிச்சியில உனக்கு யாரு இருக்காங்க?” என்று கேட்டார். “முருகன் கோயிலுக்குப் போனேன்” என்று சொல்லிவிட்டேன். “ஓசி டிக்கெட்னா ஊர் பூரா கோயில் இருக்கும்” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். கோபக்காரர் இல்லை, கை நீட்டுகிறவரும் இல்லை. ஆனால் நான் சொன்ன பொய் எனக்கு முள் மாதிரி இருக்கிறது.

அதைவிடப் பெரிய முள், வருஷத் திதிக்கு வந்திருந்த என் நாத்தனார் சொன்னது. பந்தியில் எல்லார் முன்னாலும், “எங்கம்மா போனாலும் போனாங்க, அண்ணி மூஞ்சியில இப்பத்தான் களை வந்திருக்கு” என்றார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரி கண்ணாடியில் பார்த்தேன். களை வந்துதான் இருக்கிறது.

இப்போது ஆடி வரப்போகிறது. தீட்டு என்று போன ஆடியில் ஒன்றும் செய்யவில்லை. எங்கள் வீட்டில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவது மூன்று தலைமுறை வழக்கம், இரண்டு பெரிய அண்டா. முந்தின நாள் மாவு கரைப்பது, நொய் வேகவைப்பது, முருங்கைக்கீரை உருவுவது, கருவாட்டுக் குழம்பு, மாவிளக்கு, வருகிற சொந்தக்காரர்களுக்கு மூன்று நேரச் சாப்பாடு என்று எல்லாம் என் தலையில். குகை வண்டி வேடிக்கை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சாமி வேஷம் போட்டவர்கள் அலங்கார வண்டிகளில் வருவார்கள், எங்கெங்கிருந்தோ ஜனம் வந்து பார்க்கும். எங்கள் சந்து முனையிலிருந்து எட்டிப்பார்த்தால் தெரிகிற தூரம். இருபத்தெட்டு வருஷத்தில் நான் ஒருமுறைகூட நின்று பார்த்ததில்லை. அத்தையும் அப்படித்தான், விருந்தாளி வீட்டில் இருக்கும்போது வாசல் தாண்ட மாட்டார். படுத்த பிறகு, மேளச் சத்தம் கேட்டால் “வண்டி போச்சா?” என்பார். எவ்வளவு குழறினாலும் அது மட்டும் எனக்குப் புரியும். “போயிடுச்சு அத்தை” என்பேன்.

“அம்மா இருந்தப்ப எப்படியோ அப்படியே செஞ்சுடணும்” என்கிறார் இவர். மகளோ போனில், “இத்தனை வருஷம் அடிமை வேலை பார்த்தது போதாதா, இனிமேலாவது ஃப்ரீயா இரும்மா, அந்தக் கூழை நிறுத்து” என்கிறாள். எனக்குக் கூழை நிறுத்தவும் மனசில்லை, பழையபடி செய்யவும் உடம்பில்லை. இதற்கு நடுவில் தெருவில் மகளிர் குழுவில் என்னை ஊக்குநராக இருக்கச் சொல்கிறார்கள். பேங்க், மீட்டிங் என்று அலைய வேண்டியிருக்கும். ஆசை இருக்கிறது. அத்தை போனதும் இவளுக்கு றெக்கை முளைத்துவிட்டது என்பார்களோ என்று பயமாகவும் இருக்கிறது.

அத்தை செத்ததில் எனக்குச் சந்தோஷமா? அதைத்தான் யாரிடமும் கேட்க முடியவில்லை.

இப்படிக்கு,
குகையிலிருந்து ஒரு வாசகி


அன்புச் சகோதரிக்கு,

சிரித்தேன், ஒரே ஒரு இடத்தில். சுவர் பக்கம் திரும்பி நின்று தட்டுவடை செட் சாப்பிட்டீர்களே, அங்கே. சேலத்துப் பெண்களில் அப்படிச் சாப்பிட்டவர் நீங்கள் ஒருவர் மட்டுமில்லை, நானும் உண்டு.

ஒன்றை மட்டும் முதலில் கேட்டுவிடுகிறேன். வீட்டுக்காரர் கேட்டபோது பொய் வந்தது பயத்திலா, கூச்சத்திலா? பயம் என்றால் என் பதிலே வேறு. அப்படி ஏதாவது இருந்து, எழுத முடியாமல் விட்டிருந்தால், 181 பெண்கள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். ஆனால் கடிதத்தை இரண்டுமுறை படித்தபின் எனக்குத் தெரிவது கூச்சம். அதை வைத்தே எழுதுகிறேன்.

நீங்கள் கடைசியில் கேட்ட கேள்விக்கு முதலில் வருகிறேன், மற்றதெல்லாம் அதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. இல்லை, அத்தை செத்ததில் உங்களுக்குச் சந்தோஷமில்லை. உங்களுக்கு வந்திருப்பது ஆசுவாசம். தலையில் இருந்த சும்மாட்டையும் சுமையையும் இறக்கி வைத்தவள் கழுத்தைச் சொடுக்கிக்கொள்வாள் இல்லையா, அது. அமெரிக்காவில் மறதி நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட 217 குடும்பத்தினரை ரிச்சர்ட் ஷூல்ஸ் என்ற ஆய்வாளரின் குழு பின்தொடர்ந்து கேட்டது. 2003-ல் வெளிவந்த அந்த ஆய்வில், அந்தச் சாவு எனக்கு ஆறுதலாக இருந்தது என்று ஒப்புக்கொண்டவர்கள் 72 சதவீதம். போனவருக்கே அது விடுதலை என்று நினைத்தவர்கள் அதைவிட அதிகம். அவர்கள் பாசமில்லாதவர்கள் இல்லை, நாள் முழுக்க, ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டவர்கள். அங்கே யாரோ கேட்டார்கள், சொன்னார்கள். நம் ஊரில் கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை, அதனால் ஒவ்வொருத்தியும் தான் மட்டும்தான் இப்படி என்று நினைத்து ரசம் ஊற்றிக்கொண்டிருக்கிறாள்.

நாத்தனாரைப் பற்றி: தாயைப் பறிகொடுத்த மகள், அந்த ஒன்பது வருஷமும் தூரத்தில் இருந்தவர். அவருக்கும் ஒரு குற்ற உணர்வு இருக்கும், அதை உங்கள் முகத்தின் மேல் இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்பது என் ஊகம். ஊகம்தான். அவர் சொன்னது அநியாயம் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை. ராத்திரி தூங்குகிறவர் முகத்தில் களை வரத்தான் செய்யும்.

தூக்கம் என்றதும் அந்த இரண்டு மணி விழிப்பு. உங்கள் உடம்புக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை, அது டியூட்டியில்தான் இருக்கிறது. படுத்துக்கொண்டு மணி பார்க்காதீர்கள். எழுந்து வெளிச்சம் குறைவான இடத்தில் உட்கார்ந்து, தூக்கம் வந்த பின் போய்ப் படுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்துவிடுங்கள். கட்டில் இருந்த இடத்துக்கு நடந்து போவதைப் பற்றிக் கவலை வேண்டாம், பைத்தியம் பிடிக்கும் அறிகுறி அல்ல அது. ஆனால் பசி குறைந்தாலோ, எதிலும் மனசு ஒட்டாமல் போனாலோ, ஏன் இருக்கிறோம் என்று தோன்றினாலோ காத்திருக்காதீர்கள். சேலம் அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணிலும் தமிழில் பேசலாம், காசில்லை.

இனி பஸ்.

அந்த முதல் நாளில் உங்களைப் பிடித்தது என்ன என்று யோசித்தேன். ஏரி இல்லை என்று நினைக்கிறேன். “எங்கே, எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. இருபத்தெட்டு வருஷத்தில் வாசல் தாண்டிய ஒவ்வொரு முறையும் உங்களிடம் ஒரு காரணம் இருந்தது. ரேஷன், மருந்து, மகளின் பள்ளிக்கூடம், திரி. காரணமே இல்லாமல் ஒரு இடத்துக்குப் போவது நம் வீட்டு ஆண்கள் டீக்கடைக்குப் போவதுபோல் தினசரி செய்வது. அவர்கள் அதற்குச் சுதந்திரம் என்றுகூடப் பெயர் வைத்ததில்லை, அவ்வளவு சாதாரணம். சந்தோஷங்களுக்கு மனம் பழகிவிடும் வேகத்தைப் பற்றி 1971-லிருந்தே உளவியலில் எழுதி வருகிறார்கள். கிடைத்த கொஞ்ச நாளில் அது தரையோடு தரையாகிவிடும், கண்ணுக்கே தெரியாது. உங்கள் மகளுக்கு பெங்களூரில் ராத்திரி ஒன்பது மணிக்குத் தனியாக ஆட்டோ ஏறுவது அப்படித்தான் இருக்கும். உங்களுக்கு அது 49 வயதில் புதுசாகக் கிடைத்திருக்கிறது. டிக்கெட்டைத் தூக்கிப் போட மனசு வராமல் போனதில் ஆச்சரியமே இல்லை.

“ஓசி டிக்கெட்” என்பதை மட்டும் நான் விட மாட்டேன். வீட்டுக்காரர் விளையாட்டாகத்தான் சொன்னார், சரி. ஆனால் 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபோது மிச்சமான டிக்கெட் காசைவிடப் பெரிதாக ஒன்று நடந்தது. பஸ்ஸுக்குக் காசு கொடுங்கள் என்று கேட்க வேண்டியதில்லை என்று ஆனது. கேட்டால்தானே “எதுக்கு?” என்று வரும். அந்தக் கேள்வியை ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் செய்துவிட்டது. இதை அவரிடம் சண்டையாகச் சொல்ல வேண்டாம். தோன்றும்போது சொல்லுங்கள்.

அவரிடம் பொய்யைத் திருத்திக்கொள்வது நல்லது என்றே நினைக்கிறேன். பாவம் புண்ணியம் என்பதற்காகச் சொல்லவில்லை. ஒளித்துச் செய்கிற வரை அந்த அரைமணி நேரம் உங்களுக்கு முழுதாகக் கிடைக்காது, பாதி மனசு சுவரைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கும். மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம். பட்டறையில் ஊதுகுழல் சத்தம் ஓய்ந்து அவர் டீ குடிக்கிற நேரமாகப் பார்த்து, “அன்னிக்கு நான் கோயிலுக்குப் போகலைங்க, ஏரிக்கரையில சும்மா உக்காந்திருந்தேன், எனக்கு அது பிடிச்சிருக்கு” என்று சொன்னால் போதும். காரணம் சேர்க்காதீர்கள். முட்டி வலிக்கு நடக்கச் சொன்னார்கள் என்றெல்லாம் ஆரம்பித்தால் மறுபடி காரணத்தோடுதான் வாசல் தாண்டுகிறீர்கள். அவர் ஒருநாள் கூட வருகிறேன் என்றால் கூட்டிப்போங்கள், ஆனால் எல்லா நாளும் வேண்டாம். ஏற்காட்டுக்கு வேண்டுமானால் இரண்டு பேருமாகப் போய் வாருங்கள். கோடை விழாக் கூட்டம் முடிந்து, ஒரு செவ்வாய், புதன் பார்த்துப் போனால் ஊர் ஊராகத் தெரியும். முன் சீட்டில் உட்காருங்கள், வாந்தி குறையும்.

கூழுக்கு வருகிறேன். இதில் உங்கள் வீட்டுக்காரரும் மகளும் எதிரெதிரே நிற்பதாகத் தெரிகிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை. இரண்டு பேருமே உங்களுக்காக முடிவு செய்துவிட்டார்கள். ஒருவர் “செய்” என்கிறார், ஒருத்தி “செய்யாதே” என்கிறாள். “நிறுத்து” என்பதும் கட்டளைதானே? மகள் பாசத்தில் சொல்கிறாள், அதில் நியாயமும் இருக்கிறது. அண்டாவுக்கும் அடுப்புக்கும் நடுவில் நீங்கள் நின்ற நிற்பை அவள் சின்ன வயதிலிருந்து பார்த்தவள். ஆனால் அவள் கூழையும் வேலையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறாள். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்று இரண்டு உளவியலாளர்கள் பல வருஷங்களாக ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கிறார்கள்: தன் மனமொப்பிச் செய்வது வேறு, தனியாக யாரையும் சாராமல் இருப்பது வேறு. பாட்டி காலத்து வழக்கத்தை ஒருத்தி முழு மனசோடு எடுத்துச் செய்தால் அவள் சுதந்திரமாகத்தான் செய்கிறாள். வழக்கத்தை விட்டொழித்தவள், நாலு பேர் பழசு என்பார்களே என்று விட்டிருந்தால், அவள்தான் கட்டுப்பட்டவள். இந்த விஷயத்தில் அந்த உளவியலாளர்கள் பக்கம் நான் முழுதாக நிற்கிறேன்.

அதனால் கூழ் ஊற்றவா விடவா என்று கேட்டுக்கொள்ளாதீர்கள். இரண்டு அண்டா, கருவாட்டுக் குழம்பு, மாவிளக்கு, மூன்று வேளைச் சாப்பாடு என்று ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் பிரித்துப் பாருங்கள். இதில் எது அம்மனுக்கு, எது தெருவுக்கு, எது சொந்தக்காரர் வாய்க்கு? எதைச் செய்யும்போது கை தானாக ஓடுகிறது, எதைச் செய்யும்போது பல்லைக் கடிக்கிறீர்கள்? மாவு வெந்ததா என்று பார்க்கத் தண்ணீரில் விரலை நனைத்துத் தொட்டு, ஒட்டாமல் வந்தால் இறக்குவோம் இல்லையா, அந்தப் பக்குவம் உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? அத்தையாகத்தான் இருக்க வேண்டும். அதை விட மனசில்லாமல் இருப்பது இயல்பு. விருந்தாளிகளின் மூன்றாவது வேளைச் சாப்பாட்டை விட மனசில்லாமல் இருக்க எந்தக் காரணமும் இல்லை. ஒரு அண்டா போதும். கீரை உருவ, வெங்காயம் உரிக்கத் தெருப் பெண்களும், ஏன், பட்டறை ஆட்களும் உட்காரலாம். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பரோட்டா வாங்கி வரச் சொல்லுங்கள். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

“அம்மா இருந்தப்ப எப்படியோ அப்படியே” என்கிற உங்கள் வீட்டுக்காரருக்கு என்ன வேண்டும் என்பதையும் கொஞ்சம் பாருங்கள். அவர் அழுததாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. ஆண்கள் பலர் அம்மாவுக்காக அழுவது இப்படித்தான், அம்மா செய்ததை அப்படியே செய்யச் சொல்லி. பெரும்பாலும் பெண்டாட்டியைச் செய்யச் சொல்லி! அதனால் அவர் கையிலேயே துடுப்பைக் கொடுங்கள். நொய் வேகும்போது அடிபிடிக்காமல் கிண்டுவதற்கு நல்ல தோள் வேண்டும், வெள்ளி உருக்கிப் பழகியவருக்குச் சூடு ஒன்றும் புதுசில்லை. முதல் வருஷம் முகம் சுளிக்கலாம். மகளையும் லீவு போட்டு வரச் சொல்லுங்கள், வந்தால் துணைக்கு ஆள், வராவிட்டாலும் கோபமில்லை.

மகளிர் குழு விஷயத்தில் எனக்கு ஒரு சின்ன மோகம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இந்தக் குழுக்களை அரசுத் திட்டமாகத் தொடங்கியது 1989-ல், தருமபுரியில். 1965 வரை சேலம் மாவட்டத்தோடு இருந்த ஊர், அதனால் நம் வீட்டுச் சமாச்சாரம் என்றே எடுத்துக்கொள்ளலாம். மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்ற தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் கணக்கில் வருவதும் அதே 1989-லிருந்துதான். அந்த வருஷத்துக்கு என்னவோ ராசி. குழு தொடங்கிய காலத்தில் பல பெண்களுக்குக் கடனைவிடப் பெரிய விஷயம் பேங்க் வரை நடந்து போய்த் தன் பெயரில் கையெழுத்துப் போட்டது. உங்களுக்கு ஆசை இருக்கிறது என்று எழுதிவிட்டீர்கள், அது போதும். றெக்கை முளைத்துவிட்டது என்று யாராவது சொன்னால், முளைத்துத்தான் இருக்கிறது, என்ன செய்வது? ஆனால் ஆடி முடியட்டும். கூழ், குழு, தூக்கம் எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். ஆவணியில் சொல்கிறேன் என்று சொல்லி வையுங்கள்.

கடைசியாக அந்த வெற்றிலைப் பெட்டி. வீட்டில் ஒளித்து வைக்க வேறு இடமா இல்லை? அரிசி டிரம், பீரோவில் புடவை அடுக்கு, சாமிப்படத்துக்குப் பின்னால் என்று நம்மிடம் இல்லாத இடமா? “பொம்பளைக்கு என்ன ஊர் சுத்தல்” என்று சொன்னவரின் பெட்டியில்தான், ஊர் சுற்றிய டிக்கெட்டை ஒவ்வொன்றாகப் போட்டிருக்கிறீர்கள். வீம்பும் அதில் இருக்கலாம், இருந்தால் தவறில்லை. ஆனால் எனக்கு வேறொன்றும் தோன்றியது. எல்லாரிடமும் மறைத்ததை அவர் ஒருவரிடம் மட்டும் நீங்கள் காட்டியிருக்கிறீர்கள். போய்விட்டு வந்தேன் அத்தை, இந்தாங்க, என்பதுபோல. படுக்கையில் கிடந்து, தோட்டைக் கழற்றிக் கொடுத்து, உங்கள் மகளைப் “போ” என்று கை காட்டி அனுப்பிய அதே அத்தையிடம்.

அவரும் ஒரு காலத்தில் அந்த வீட்டு மருமகள்தானே. மேளச் சத்தம் கேட்டதும் “வண்டி போச்சா?” என்று கேட்டவர், ஆயுசு முழுக்க வாசலுக்குள் நின்று அதைக் காதால் மட்டும் கேட்டிருக்கிறார். உங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கூழ் ஊற்றியிருக்கிறார்கள், ஊற்றிய பெண்கள் எத்தனை பேர் வண்டியைப் பார்த்தார்கள்?

இந்த ஆடியில் வேடிக்கை அன்று பொழுது சாயும்போதே அடுப்பை அணைத்துவிடுங்கள். வீட்டில் விருந்தாளி இருந்தால் அவர்களையும் கிளப்புங்கள். சந்து முனை வேண்டாம், பெரிய வீதிக்கே போய்விடுங்கள். வண்டி என்று பெயர், இப்போது லாரியிலும் டிராக்டரிலும் வருகிறார்கள், ஆனால் வேஷம் அதே வேஷம்தான். சிவனும் காளியும் நெருக்கத்தில் பார்த்தால் வியர்த்து, அரிதாரம் வழிந்து, இடையில் சோடா குடித்துக்கொண்டு வருவார்கள், அதைப் பார்க்கத்தான் முன்வரிசை. நேரமாகும், கால் கடுக்கும். சலங்கை வைக்க உட்காருவீர்களே ஒரு முக்காலி, அதை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்